இலங்கைக் களத்தின் முதல் வீரன் யார்?

கம்பராமாயணத்தின் ஆறு காண்டங்களில் மிகப் பெரியது யுத்த காண்டம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் விரியும் அந்தப் போரில் தலைசிறந்த வீரன் யார் என்ற வழக்கு மிகப் பழையது. வால்மீகியின் உத்தர காண்டத்தில் அகத்தியர் இந்திரசித்தை உயர்த்திப் பேசுகிறார். இராவணனும் கும்பகருணனும் இருக்க அவனை மட்டும் ஏன் புகழ வேண்டும் என்று இராமனே கேட்கிறான்.

இந்த வழக்கு செட்டிநாட்டில் இன்னும் ஓயவில்லை. கம்பனடிப்பொடி சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனி மகம், பூரம், உத்தரம் ஆகிய நாட்களில் காரைக்குடியிலும், அத்தத்தன்று கம்பன் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையிலும் கம்பன் விழா நடப்பது மரபு. பாத்திரங்களை எதிரெதிரே நிறுத்தி வழக்காடும் பட்டிமண்டபம் இவ்விழாவில் வேரூன்றித் தமிழகமெங்கும் பரவியது. அயோத்தியை வருணிக்கும்போது கம்பனும் ஆண்ட சொல் அது.

இராமன் திருமாலின் அவதாரம். அவனை இந்த வரிசையில் சேர்ப்பதற்கில்லை. மற்றவர்களை உடல்வலி, வில்திறம், விழுந்தபின் எழும் உறுதி என்ற மூன்று அளவுகோல்களால் நிறுக்கலாம்.

உடல்வலியில் கும்பகருணனுக்கு நிகரில்லை. வானரப் படையைக் கலக்கி, மயங்கிய சுக்கிரீவனையே தூக்கிக்கொண்டு நடந்தவன் அவன். தன் பக்கம் அறம் இல்லை என்று தெரிந்தும் அண்ணனுக்காகக் களம் புகுந்தவன். ஆனால் அவன் போரிட்டது ஒரே நாள். கயிலையைப் பெயர்த்த இராவணனின் கணக்கிலோ வாலியிடமும் கார்த்தவீரியனிடமும் பட்ட தோல்விகள் உண்டு. இராமனுடனான முதல் நாள் போரிலேயே அவன் படைக்கலம் இழந்து வெறுங்கையோடு திரும்பினான்.

வாலி இலங்கைப் போருக்கு முன்பே மறைந்துவிட்டான். எதிரில் நிற்பவரின் வலிமையில் பாதி அவனுக்கு வந்துவிடும் என்ற வரம் இருந்ததால், மற்றவர்களோடு அவனைச் சமமாக ஒப்பிடவும் முடியாது.

அனுமன் தனி வகை. சம்புமாலியையும் அக்ககுமாரனையும் வீழ்த்தினான். இராவணனையே ஒரு குத்தில் தள்ளாட வைத்தான். மருந்து மலையைக் கொணர்ந்து படை முழுவதையும் எழுப்பினான். ஒரு படைக்கு இன்றியமையாதவன் யார் என்று கேட்டால் விடை அனுமன்தான்.

எஞ்சுவது இந்திரசித்தும் இலக்குவனும். இந்திரனை வென்று இந்திரசித்து என்ற பெயர் பெற்றவன் இராவணன் மகன் மேகநாதன். அனுமனைக் கட்டிய அவன், பிறகு நாகபாசத்தாலும் பிரமாத்திரத்தாலும் இலக்குவனை இருமுறை சாய்த்தான். வெற்றிக் கணக்கு மட்டும் போதுமென்றால் தீர்ப்பு அவன் பக்கமே.

ஆனால் அந்த வெற்றிகள் வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். நாகபாசத்தன்று நேருக்கு நேர் நின்ற போரில் இலக்குவன் கையே ஓங்கியது. இந்திரசித்து வானில் மறைந்த பிறகே பாசம் பாய்ந்தது. பிரமாத்திரத்தை முதலில் விட நினைத்தவன் இலக்குவன். உலகம் அழியும் என்று இராமன் தடுக்க, கையை அடக்கிக்கொண்டான். அந்த அடக்கத்தை அறிந்த இந்திரசித்து மறைந்திருந்து அதையே எய்தான். மாயாசீதையை வெட்டிக் காட்டியதும், நிகும்பலையில் வேள்வி செய்யக் காலம் தேடியதும் அதே போர்முறையின் தொடர்ச்சி.

கருடனும் சஞ்சீவியும் இலக்குவனை எழுப்பினர். வேள்வியின் மறைவிடத்தை வீடணன் காட்டினான். துணை இருந்தது உண்மைதான். எனினும் இருமுறை சாவின் விளிம்பைத் தொட்டவன் மூன்றாம் முறையும் அதே எதிரியைத் தேடிப்போய் நின்றதற்கு அவன் நெஞ்சுறுதியே காரணம். வில் பிடித்த கையையும், பிறகு தலையையும் அவன் அம்பு அறுத்தது. பின்னர் வீடணன்மேல் இராவணன் எறிந்த வேலையும் தன் மார்பில் ஏற்றான்.

அத்திரப் போரில் இந்திரசித்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வில்திறம், உறுதி இரண்டோடு அடக்கத்தையும் சேர்த்து நிறுத்தால் இலங்கைக் களத்தின் முதல் வீரன் இலக்குவனே.