பொருளியலாளரின் உரையாடல்கள்: சொல்லும் சொன்னவரும்

ஓர் அறிவிப்பைக் கேட்டமாத்திரத்தில் ஏற்றுக்கொள்வதோ தள்ளிவிடுவதோ முஹத்திஸ்களின் வழக்கமன்று. சொன்னவர் யார், எவரிடம் கற்றார், எந்த ஊரில் எக்காலத்தில் வாழ்ந்தார், அவருடைய நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையன என்றெல்லாம் அவர்கள் வினவினர். அவ்வினாக்களிலிருந்தே ‘அஸ்மாவுர் ரிஜால்’ என்னும் பெருங்கலை பிறந்தது. பல்லாயிரம் மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் அதனால் நமக்குக் கிட்டின. அறிவிப்பாளரை ஆராய்ந்ததோடு அவர்கள் நின்றுவிடவுமில்லை. அறிவிக்கப்பட்ட செய்தியாகிய ‘மத்ன்’ என்பதையும் தனியே உரசிப் பார்த்தனர்.

நவீன அறிவுத்துறைகளுள் இத்தகைய விசாரணையிலிருந்து பெரிதும் தப்பிக்கொண்டது பொருளியல் எனலாம். பாடநூலில் ஒரு கோட்பாடு வரைபடமாகவும் சமன்பாடாகவும் நிற்கிறது. வகுத்தவரின் பெயர் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். அவர் ஏன் அவ்வாறு சிந்தித்தார் என்பது அங்கே இராது. வட்டி வீதமும் வேலையின்மையும் பணவீக்கமும் மழை வெயில் போன்ற இயற்கை நியதிகள் என்னும் எண்ணத்துடனேயே மாணவர் பட்டம் பெற்று வெளியேறுகிறார்.

இந்த மௌனத்தைக் கலைக்கும் நூல்வகையொன்று கடந்த நாற்பது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் வளர்ந்து வந்துள்ளது. முன்னணிப் பொருளியலாளரை அமரவைத்து, அவர்தம் கருத்துகளையும் வாழ்க்கைப் பாதையையும் கேட்டுப் பதிவு செய்யும் உரையாடல் நூல்களே அவை. ஆர்யோ கிளாமர் 1983இல் வெளியிட்ட தொகுப்பு இவ்வகைக்கு முன்னோடி. பிரையன் ஸ்னோடனும் ஹோவர்ட் வேனும் 1999இல் மற்றொன்றைத் தந்தனர். பால் சாமுவெல்சனும் வில்லியம் பார்னெட்டும் பதிப்பித்த தொகுப்பு 2007இல் வெளிவந்தது. இவற்றை நாம் எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

மூன்றினுள்ளும் கிளாமரின் நூலே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. 1969இல் ராபர்ட் லூக்கஸ், லியனார்ட் ராப்பிங் என்னும் இருவர் இணைந்து ஓர் ஆய்வுரை எழுதினர். கூலி தற்போது குறைவாயிருப்பதாகக் கருதும் தொழிலாளர், பின்னர் உயரும் என எதிர்பார்த்து உழைப்பைத் தள்ளிவைக்கின்றனர் என்பது அதன் சாரம். வேலையின்மையின் கணிசமான பகுதி தொழிலாளரின் சொந்தத் தேர்வே என்னும் முடிவுக்கு இது இட்டுச்சென்றது. புதிய செவ்வியல் பொருளியல் என்று பின்னர் பெயர்பெற்ற சிந்தனைப் பள்ளிக்கு அவ்வுரை ஓர் அடித்தளமாயிற்று. லூக்கஸ் அவ்வழியிலேயே நடந்து 1995இல் நோபல் பரிசு பெற்றார். ராப்பிங்கோ வியட்நாம் போரினால் உலுக்கப்பட்டு, அப்பள்ளியை விட்டகன்று இடதுசாரிப் பொருளியலின் பக்கம் சேர்ந்தார்.

கிளாமர் இருவரையும் தனித்தனியே சந்தித்து உரையாடுகிறார். ஒரே ஆய்வுரையை எழுதிய இரு கைகள் எதிரெதிர்த் திசைகளை நோக்கிச் சுட்டுவதை நாம் காண்கிறோம். இருவருக்கும் கணிதம் ஒன்று, கையிலிருந்த புள்ளிவிவரங்களும் ஒன்றே. பிரிவு நேர்ந்தது கணிதத்திற்கு வெளியே. தம் அறிவு யாருக்குப் பயன்படுகிறது என்னும் கேள்வி ஒருவரைத் தொட்டு உலுக்கியது. மற்றவரோ அறிவியலின் உள்ஒழுங்கைப் பேணுவதே தம் கடமையென்று கருதினார். பாடநூலில் ‘லூக்கஸ்–ராப்பிங்’ என்று சேர்த்து அச்சிடப்படும் பெயர்களுக்கு இடையே இத்துணை தூரம் இருப்பதை வகுப்பறையில் எவரும் சொல்வதில்லை.

அதே நூலில் ராபர்ட் சோலோவின் கூற்றொன்று புகழ்பெற்றது. தம்மை நெப்போலியன் என்று அறிவித்துக்கொள்ளும் ஒருவருடன் குதிரைப்படைத் தந்திரங்களைப் பற்றி நுட்பமாக விவாதிக்கப் புகுந்தால், அவர் நெப்போலியன்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் சொன்னதன் கருத்து. எதிர்தரப்பின் அடிப்படை அனுமானத்தையே ஏற்காதவர் அதன் நுணுக்கங்களுக்குள் ஏன் இறங்க வேண்டும் என்று அவர் கேட்டார். ஆய்விதழின் நாகரிகம் இப்படிப்பட்ட சொல்லை அனுமதித்திராது. உரையாடலே அதனை வெளிக்கொணர்ந்தது.

எனினும் வாழ்க்கை கருத்தைத் தீர்மானித்துவிடுகிறது என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவதற்கில்லை. பொருளியலாளனாகத் தாம் பிறந்த நாள் 1932 ஜனவரி 2, இடம் சிகாகோ பல்கலைக்கழக வகுப்பறை என்று சாமுவெல்சன் சொல்வதுண்டு. அதே ஆண்டில் அதே பல்கலைக்கழகத்திற்கு மேற்படிப்புக்காக வந்தவர் மில்டன் ஃபிரீட்மன். இருவரையும் அத்துறைக்குள் ஈர்த்தது பெருமந்தத்தின் அவலம். சந்தை தோற்ற இடத்தில் அரசு தாங்கிப்பிடிக்க வேண்டுமென்ற முடிவுக்குச் சாமுவெல்சன் வந்தார். மந்தத்தைப் பெருமந்தமாக்கியதே அமெரிக்க மைய வங்கியின் தவறுதான் என்று ஃபிரீட்மன் வாதிட்டார். ஒரே துயரம், இரு தீர்ப்புகள். ஆகவே ‘ரிஜால்’ விசாரணை ‘மத்ன்’ ஆய்வுக்கு மாற்றாகாது. ஒருவருடைய வரலாற்றைக் காட்டி அவர் கோட்பாட்டைப் பொய்யென்று நிறுவ இயலாது. எந்த இடத்தில் சான்று முடிந்து தேர்வு தொடங்குகிறது என்பதை அறிவதற்கே வரலாறு உதவும்.

அத்தேர்வு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அமர்த்தியா சென் தரும் சாட்சியம் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. 1940களின் வகுப்புக் கலவரக் காலத்தில், டாக்காவிலிருந்த அவர் வீட்டுக்குள் கத்திக்குத்துப்பட்ட முஸ்லிம் கூலித் தொழிலாளி ஒருவர் குருதி வழிய வந்து விழுந்தார். வீட்டில் உணவில்லை. மனைவி தடுத்தும், வேலை தேடி அபாயமான பகுதிக்குள் அவர் வர நேர்ந்திருந்தது. மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. சிறுவனாயிருந்த சென் இதனை நேர்காணல்களிலும், 2021இல் வெளிவந்த தம் நினைவு நூலிலும் விவரித்துள்ளார். வறுமை என்பது வருமானக் குறைவு மட்டுமன்று, அபாயத்தைத் தவிர்க்கும் சுதந்திரமின்மையும் ஆகும் என்னும் அவர் கொள்கையின் வேர்களுள் ஒன்று அம்மனிதரின் மரணத்தில் இருக்கிறது. பஞ்சங்களைப் பற்றிய அவருடைய 1981ஆம் ஆண்டு நூலுக்குப் பின்னால், சிறுவயதில் அவர் கண்ட 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் நிற்கிறது.

சென்னின் கேம்பிரிட்ஜ் தோழர் மஹ்பூபுல் ஹக்கின் பாதையும் கவனத்திற்குரியது. பாகிஸ்தானின் திட்டக்குழுவில் வளர்ச்சி வீதத்தைப் போற்றி நின்றவர் அவர். 1968இல் அவரே எழுந்து, நாட்டின் தொழிற்சொத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களிடம் குவிந்துள்ளதெனச் சுட்டிக்காட்டினார். 1976இல் வெளியிட்ட நூலில் தம் பழைய கொள்கையை வெளிப்படையாகவே மறுபரிசீலனை செய்தார். 1990இல் அவர் முன்னின்று உருவாக்கிய மனித வளர்ச்சி அறிக்கை அந்த மனமாற்றத்தின் கனி.

இனி இந்நூல்களின் குறைக்கு வருவோம். கேட்பவரும் அதே துறையினர், பதிலளிப்பவரும் அதே துறையினர். கேள்விகள் பெரும்பாலும் குழுவுக்குள் எழும் கேள்விகளே. கிளாமரின் தொகுப்பிலும் சாமுவெல்சனின் தொகுப்பிலும் ஒரு பெண் பொருளியலாளர்கூட இல்லை. கடன் கொடுத்த நாடுகளின் அறிஞர் நிறைந்திருக்க, கடன்பட்ட நாடுகளின் குரலைக் காண்பதரிது. வட்டி வீதத்தை எவ்வளவு உயர்த்தலாம், எப்போது தாழ்த்தலாம் என்பது பக்கந்தோறும் பேசப்படுகிறது. இழப்பில் பங்கேற்காமல் ஆதாயத்தில் மட்டும் உரிமை கோருவது நீதியா என்னும் கேள்வி எழுவதில்லை. வணிகத்தை ஆகுமாக்கி ரிபாவை விலக்கிய மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு இம்மௌனம் சிறியதன்று.

இதன் விலையை 2008ஆம் ஆண்டு காட்டியது. பெருமந்தங்களைத் தடுக்கும் சிக்கல் நடைமுறையளவில் தீர்க்கப்பட்டுவிட்டதென்று லூக்கஸ் 2003இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத் தலைமையுரையில் கூறியிருந்தார். ஐந்தே ஆண்டுகளில் வங்கிகள் சரிந்தன. அதன்பின், 2010இல், ‘நியூயார்க்கர்’ இதழின் ஜான் காசிடி சிகாகோ அறிஞர்களைச் சந்தித்தார். கடன் குமிழி என்றால் என்னவென்றே தமக்குத் தெரியவில்லை என்றார் யூஜீன் ஃபாமா. கேட்டவர் துறைக்கு வெளியிலிருந்து வந்த பத்திரிகையாளர் என்பது நோக்கத்தக்கது. 2013இல் ஃபாமா நோபல் பரிசு பெற்றபோது, குமிழிகளை ஆராய்ந்து எச்சரித்த ராபர்ட் ஷில்லரும் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிறரை இவ்வாறு நிறுத்துப் பார்க்கும் நாம் நம் தராசில் நம்மையும் வைக்க வேண்டும். வினாவிடை நம் மரபுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் இமாம் அபூ யூசுஃப் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் வினாக்களுக்கு அளித்த விடைகளாகவே அமைந்தது. இப்னு கல்தூன் ‘முகத்திமா’வை எழுதியதோடு தன்வரலாற்றையும் விட்டுச்சென்றார். கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தது, ஃபாஸ் நகரில் சிறையிருந்தது, 1401இல் டமாஸ்கஸின் புறத்தே தைமூருடன் உரையாடியது ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. 1981இல் அமெரிக்க அதிபர் ரீகன் தம் வரிக்குறைப்புக்கு ஆதரவாக இப்னு கல்தூனை மேற்கோள் காட்டினார். ஆட்சியாளரின் ஆடம்பரத்தையும் அநீதியையும் அதே நூல் கண்டித்திருப்பது அங்கே விடுபட்டது. சொன்னவரை விட்டுச் சொல்லை மட்டும் எடுத்தால் நேர்வது இதுதான்.

நவீன இஸ்லாமியப் பொருளியலுக்கு 1976இல் மக்காவில் நடந்த முதல் பன்னாட்டு மாநாடு ஒரு தொடக்கம். அத்தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. நஜாத்துல்லாஹ் சித்தீகி 2022இலும், குர்ஷித் அஹ்மத் 2025இலும் இறையடி சேர்ந்தனர். ‘கிதாபுல் கராஜை’ உருதுவில் தந்தவரும், வட்டியில்லா வங்கியியலின் கோட்பாட்டை 1969இலேயே எழுதியவரும் சித்தீகியே. பிற்காலத்தில், பொருளை வாங்கி உடனே விற்றுப் பணமாக்கும் ‘தவர்ருக்’ முறையை இஸ்லாமிய வங்கிகள் கைக்கொண்டபோது, அதன் கேடுகள் நன்மைகளை விஞ்சுகின்றன என்று எதிர்த்து எழுதியவரும் அவரே. ஒழுங்கமைக்கப்பட்ட தவர்ருக் ஆகாதென 2009இல் பன்னாட்டு ஃபிக்ஹு அகாடமியும் தீர்மானித்தது. தாம் நட்ட மரத்தின் கனியைத் தாமே சோதித்துப் பார்த்த அறிஞர் அவர்.

சித்தீகியின் கோட்பாட்டை மேற்கோள் காட்டுவோர் பலர். அவர் ஏன் ஐயுற்றார் என்று கேட்போர் சிலரே. கேட்காதவிடத்து, இஸ்லாமியப் பொருளியலும் பெயர்ப்பலகை மாற்றிய வங்கிக்கணக்காகச் சுருங்கிவிடும். சிதறிக்கிடக்கும் அன்னோரின் நேர்காணல்களும் நினைவுகளும் தொகுக்கப்பட்டுத் தமிழில் வரவேண்டும். அத்தொகுப்பில் பேராசிரியர்கள் மட்டும் இடம்பெற்றால் போதாது. நம் மஹல்லாக்களில் பைத்துல்மாலை நடத்தி, ஜகாத்தைப் பங்கிட்டு, வட்டியில்லாக் கடன் கொடுத்து, திரும்பி வராத கடனையும் சந்தித்தவர்கள் உள்ளனர். அவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். கடன் வாங்கியவரிடமும் கேட்க வேண்டும். ஆங்கில நூல்கள் கேட்க மறந்த கேள்விகளை நாம் அங்கிருந்து தொடங்கலாம்.