மிங் கிண்ணத்தில் அரபு எழுத்து

கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லொன்று அரபியில் ‘ஃபின்ஜான்’ ஆயிற்று. தமிழில் ‘பீங்கான்’ ஆயிற்று. சீனரின் கைவண்ணத்தை நாம் அழைக்கும் பெயர் பாரசீகத்தது. அந்த வெண்மையின் மேல் தீட்டிய கோபால்ட் நீலத்தையும் மேற்கிலிருந்து வந்ததென்பதால் சீனர் ‘முஸ்லிம் நீலம்’ என்றே அழைத்தனர்.

மிங் பேரரசர் ஜெங்டேயின் ஆட்சிக்காலத்தில் (1506–1521) ஜிங்டெஷென் சூளைகளில் அரபு, பாரசீக வாசகங்கள் பொறித்த கிண்ணங்களும் எழுதுகருவிப் பேழைகளும் வனையப்பட்டன. இவற்றைக் கண்டதும் பேரரசர் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என எழுதிவிடுவோர் நம்மிடையே உண்டு. இவ்வார்வம் புரிகிறது, சான்றாகாது. இவை வெறும் ஏற்றுமதிச் சரக்கு என்னும் எதிர்க்கூற்றும் நிற்பதன்று. பல கலன்களின் அடியில் அரசாட்சி முத்திரை ஆறு சீன எழுத்துகளில் உள்ளது. தூரிகை வைக்கும் ஐம்முடி மலை வடிவத் தாங்கி சீன அறிஞனின் மேசைக்குரியது. அதன்மேல் ‘எழுதுகோல் தாங்கி’ எனப் பாரசீகத்தில் எழுதியிருக்கிறது. அரசவையிலிருந்த முஸ்லிம் அலுவலர்களுக்காக இவை செய்யப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுவது நமக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

நாம் உற்றுநோக்க வேண்டியது அணிவேலையை. அதே ஆட்சியின் புகழ்பெற்ற இன்னொரு வகைக் கிண்ணத்தில் தாமரைக் கொடிகளுக்கிடையே டிராகன் நெளிகிறது. தாமரை அங்கே தூய்மையின் சின்னம்; ஐந்து நகமுடைய டிராகன் பேரரசனின் சின்னம். அரபு எழுத்துள்ள கிண்ணத்திலோ பெரும்பாலும் டிராகன் இல்லை. கொடி இருக்கிறது, ஆனால் பூவை உதறி, வளைந்து வளைந்து செல்லும் இலையாகச் சுருங்கிவிட்டது. டிராகன் இருந்திருக்கும் இடத்தில் வட்டமொன்று, வட்டத்துள் வாசகம். உருவம் விலகி எழுத்து அமர்ந்த இம்மாற்றத்தைச் செய்த கைக்கு அரபு தெரியாதிருந்திருக்கலாம். சில எழுத்துகள் தடுமாறுகின்றன. தூரிகை பழகிய கை நாணற்பேனாவின் கோட்டைத் தேடுகிறது. ஆயினும் எந்த இடம் எதற்குரியது என்பதில் அக்கை தவறவில்லை. இக்கலன்களின் அழகு இங்கேதான் என்பது நம் கருத்து.

எழுத்து இருந்தால்தான் இஸ்லாமியக் கலை என்போர் அர்தபீலை நினைக்கட்டும். 1611இல் ஷா அப்பாஸ் அங்குள்ள ஷெய்கு ஸஃபியின் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களை வக்ஃபு செய்தார். பறவையும் டிராகனும் தீட்டிய தட்டுகளிலும் அவருடைய வக்ஃபு முத்திரை செதுக்கப்பட்டிருக்கிறது.