சோனிக் சித்திரக்கதைகள்: ஒரு மதிப்பீடு

சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் என்பது ஜப்பானின் சேகா நிறுவனம் 1991 ஜூன் மாதம் வெளியிட்ட வீடியோ விளையாட்டு. நீல நிற முள்ளெலி ஒன்று அதிவேகமாக ஓடுவதே அதன் அடிப்படை. இந்த விளையாட்டைத் தழுவி 1993 முதல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தொடர் சித்திரக்கதைகள் வெளிவந்தன. இங்கிலாந்தில் ஃபிளீட்வே, அமெரிக்காவில் ஆர்ச்சி காமிக்ஸ், பின்னர் ஐ.டி.டபிள்யூ. ஆகிய மூன்று பதிப்பகங்களின் இதழ்கள் இவற்றுள் முதன்மையானவை.

இவை மூன்றுமே ஒரு விற்பனைப் பொருளுக்குத் துணையாகத் தொடங்கியவை. ஆயினும் இவற்றின் சிறந்த பகுதிகள், மூல விளையாட்டில் இல்லாத ஒன்றைக் கதைக்குக் கொடுத்தன. அதை நினைவு எனலாம். நேற்று நடந்தது இன்று மறக்கப்படாமல் இருப்பதே கதை. விளையாட்டோ ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு இதழும் எப்படிக் கையாண்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மூல விளையாட்டும் அதன் கதையும்

முதல் விளையாட்டின் கதையை நான்கு வரிகளில் சொல்லிவிடலாம். டாக்டர் ரோபோட்னிக் என்னும் வில்லன் சிறு விலங்குகளைப் பிடித்து இயந்திரங்களுக்குள் அடைக்கிறான். சோனிக் பந்துபோல் சுருண்டு மோதினால் இயந்திரம் உடைந்து, உள்ளிருந்த முயலோ பறவையோ துள்ளி ஓடிவிடும். கையில் ஒரே ஒரு பொன் வளையம் இருந்தாலும் எதிரியின் அடி உயிரைப் பறிக்காது. உயிர் போனாலும் மறுபடி ஆடலாம்.

இது குறையன்று, விளையாட்டுக்கு இதுவே தேவை. தப்பித்த முயலுக்குப் பெயர் இருந்தால் ஆடுபவர் நின்று யோசிப்பார், வேகம் கெடும். ஆனால் சித்திரக்கதைக்கு இந்த வசதி இல்லை. வேகத்தின் இன்பம் ஆடுபவரின் விரல்களில் இருக்கிறது. படிப்பவரின் கையில் இருப்பதோ அசையாத படம். கால்களைச் சக்கரம் போலவும் உடலை நீலக் கோடாகவும் வரைந்து வேகத்தை உணர்த்தலாம். அந்த உத்தி சில பக்கங்களில் பழகிவிடும். அதன் பிறகு, சோனிக் எதற்காக ஓடுகிறான், தாமதமாக வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு எழுத்தாளர் விடை சொல்லியாக வேண்டும்.

ஃபிளீட்வே: பெயர் பெற்ற முயல்

தமிழ் வாசகர்களுக்கு ஃபிளீட்வே என்ற பெயர் அறிமுகமானதே. முத்து காமிக்ஸ் 1972-இல் தமிழில் தந்த இரும்புக்கை மாயாவி அந்தப் பதிப்பகத்தின் நாயகன். அதே பெயரின் கீழ் 1993 மே மாதம் 'சோனிக் தி காமிக்' என்ற இதழ் தொடங்கியது. இரு வாரங்களுக்கு ஒருமுறை வந்த இவ்விதழ் 2002 ஜனவரி வரை 223 இதழ்கள் வெளிவந்தது. முதன்மை எழுத்தாளர் நைஜல் கிட்சிங். ஓவியர்களில் தலையாயவர் ரிச்சர்ட் எல்சன்.

இதழின் தொடக்கக் கட்டத்திலேயே ஒரு துணிச்சலான திருப்பம் வருகிறது. சோனிக்கும் நண்பர்களும் வேறோர் உலகில் சிக்கிக்கொண்டு திரும்புவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் ரோபோட்னிக் கோள் முழுவதையும் கைப்பற்றிவிடுகிறான். உலகத்திலேயே வேகமானவன் தாமதமாக வந்து சேர்கிறான் என்பதில் உள்ள முரண் கதைக்கு வலுவான அடித்தளம் ஆயிற்று. அந்த ஆட்சி 100-ஆவது இதழில்தான் வீழ்ந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாசகர்கள் அடக்குமுறைக்கு உள்ளான ஓர் உலகத்தைத் தொடர்ந்து படித்தார்கள்.

இங்கு சோனிக் இனிமையானவன் அல்லன். தற்பெருமை மிக்கவன், டெயில்ஸ் என்ற நரிக்குட்டியை எப்போதும் மட்டம் தட்டுபவன். விளையாட்டில் பரிசாகக் கிடைக்கும் 'சூப்பர் சோனிக்' என்ற பொன்னிற வடிவம், இந்த இதழில் நண்பன் பகைவன் பாராமல் அழிக்கும் கொடியவனாக மாற்றப்பட்டது. அளவற்ற ஆற்றலுக்கு ஒரு விலை உண்டு என்று காட்டிய இந்த மாற்றம், மூலத்தை மீறிய நல்ல தழுவலுக்குச் சான்று.

இயந்திரத்திலிருந்து துள்ளி ஓடும் பெயரற்ற முயல் இங்கு ஜானி லைட்ஃபுட் என்ற தோழனாக வளர்க்கப்பட்டது. இதழின் இறுதிக் கட்டத்தில், 'சோனிக் அட்வென்ச்சர்' விளையாட்டைத் தழுவிய கதையில், ஜானி இறந்துபோகிறான், மீண்டு வரவில்லை. விளையாட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் விடுவிக்கக்கூடிய ஓர் உயிர், கதையில் ஒரே முறை வாழ்ந்து மறைகிறது. சிறுவர் இதழ் ஒன்று இதைச் செய்தது பாராட்டத்தக்கது. 184-ஆவது இதழுக்குப் பின் புதிய கதைகள் நின்று, மறுபதிப்புகளே வந்தன.

ஆர்ச்சி: இயந்திரமான உறவினர்

ஆர்ச்சி காமிக்ஸ் 1993-இல் ஒரு குறுந்தொடரை வெளியிட்டுப் பின்னர் அதை மாத இதழாக்கியது. 290 இதழ்கள் வந்த இத்தொடர், வீடியோ விளையாட்டைத் தழுவிய நெடுங்காலச் சித்திரக்கதை என்று கின்னஸ் சாதனையிலும் இடம்பெற்றது. மைக்கேல் கல்லகர் எழுதிய தொடக்க இதழ்கள் வெறும் நகைச்சுவைத் துணுக்குகள். காலப்போக்கில், 1993-94 ஆண்டுகளில் ஒளிபரப்பான கார்ட்டூன் தொடரின் இருண்ட சூழலை இதழும் எடுத்துக்கொண்டது. இளவரசி சாலி தலைமையிலான விடுதலைக் குழுவும் அங்கிருந்து வந்ததே.

இச்சூழலின் மையம் உயிர்களை இயந்திரமாக்கும் கருவி. அதைக் கண்டுபிடித்தவர் சோனிக்கின் சொந்த மாமா சக். நல்ல நோக்கத்துடன் அவர் உருவாக்கியதை ரோபோட்னிக் பறித்து, அவரையே இயந்திரமாக்கிவிடுகிறான். விளையாட்டில் இயந்திரத்தைக் கண்டால் மோதி உடைக்க வேண்டும். இங்கோ எதிரே நிற்கும் இயந்திரம் தன் மாமாவாக இருக்கலாம், மோத முடியாது. விளையாட்டின் மிக எளிய செயல் இந்த ஒரே கற்பனையால் அறச்சிக்கலாக மாறுகிறது. மூன்று பதிப்பகங்களின் கதைகளிலும் இதற்கு இணையான கற்பனையைக் காண்பது அரிது.

எனினும் தொடரில் தடுமாற்றங்கள் பல. 1997-இல் வந்த 'எண்ட்கேம்' கதையில் சாலி இறந்துவிட்டதாகவும் சோனிக்கே கொலைகாரன் எனவும் காட்டப்படுகிறது. 50-ஆவது இதழில் அவள் உயிருடன் மீள்கிறாள். வாசகரை அழவைத்துவிட்டு அந்தக் கண்ணீரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது போன்ற முடிவு அது. இன்னொரு குறை இதற்கு நேர் எதிரானது. விளையாட்டில் நக்கிள்ஸ் மிதக்கும் தீவைத் தன்னந்தனியே காப்பவன். அந்தத் தனிமையே அவன் அழகு. கென் பெண்டர்ஸ் எழுதிய நக்கிள்ஸ் கதைகள் அவனுக்குத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என ஒரு காவலர் பரம்பரையையே கொடுத்தன. தொடக்கத்தில் சுவையூட்டிய வம்ச வரலாறு போகப்போகச் சுமையாயிற்று. நினைவு கதைக்கு வேண்டும். ஆனால் குடும்ப அட்டவணை எல்லாம் நினைவாகிவிடாது.

2006-இல் 160-ஆவது இதழிலிருந்து எழுதத் தொடங்கிய இயன் ஃப்ளின், சிதறிக் கிடந்த இழைகளைப் பொறுமையாகச் சேர்த்துக் கட்டினார். தொடரின் சீரான காலம் இதுவே.

வழக்கும் அழிந்த உலகமும்

தான் படைத்த பாத்திரங்களும் கதைகளும் தனக்கே உரியவை என்று பெண்டர்ஸ் பதிப்புரிமைப் பதிவு செய்தார். ஆர்ச்சி நிறுவனம் 2010-இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனத்தின் ஊழியராக இல்லாத ஒருவர் எழுதித் தந்த படைப்பு நிறுவனத்துக்குச் சொந்தமாக வேண்டுமானால், கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வ உடன்பாடு இருக்க வேண்டும். அத்தகைய உடன்பாடு செல்லத்தக்க வகையில் இருந்ததா என்பதே வழக்கின் மையக் கேள்வி. 2013-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

அதே ஆண்டில் மெகா மேன் இதழுடன் இணைந்து 'வேர்ல்ட்ஸ் கொலைட்' என்ற 12 பகுதிக் கதை வெளிவந்தது. அதன் முடிவில் சோனிக்கின் உலகம் அடியோடு மாற்றி எழுதப்பட்டது. பெண்டர்ஸ் படைத்த பாத்திரங்கள் மறைந்தன. அவற்றைத் தொட்டு நின்ற நிகழ்ச்சிகளும் மறைந்தன. சோனிக் உள்ளிட்ட சிலருக்குப் பழைய உலகம் சிறிது காலம் நினைவில் இருக்கிறது. பிறகு அதுவும் மங்குகிறது. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 250 இதழ்களாகச் சேர்ந்த நினைவு, கதையின் தேவையால் அன்றி ஓர் ஒப்பந்தச் சிக்கலால் அழிந்தது.

இதில் ஒரு தரப்பை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது, ஆனால் நியாயமாகாது. படைத்தவர் உரிமை கேட்பது இயல்பு. கதையிலிருந்து விளையாட்டுக்குப் பாத்திரங்கள் செல்வதும் புதிதன்று. ஏமி ரோஸ் 1992-இல் ஜப்பானியச் சிறுவர் இதழின் படக்கதையில் தோன்றி, 1993-இல் 'சோனிக் சிடி' விளையாட்டில் இடம்பெற்றவள். ஆகவே சித்திரக்கதைப் பாத்திரம் மதிப்புள்ள சொத்து. அதற்கு உரிய ஆவணத்தை முதல் நாளிலேயே தெளிவாக எழுதிக்கொள்ளாததன் விலையை, வழக்கில் எந்தப் பங்கும் இல்லாத வாசகர் கொடுத்தார்.

ஐ.டி.டபிள்யூ.: கட்டுப்பாட்டுக்குள் ஒரு கலை

2017-இல் சேகாவுடனான ஆர்ச்சியின் உறவு முடிந்தது. 2018 ஏப்ரலில் ஐ.டி.டபிள்யூ. புதிய தொடரைத் தொடங்கியது. முதல் எழுத்தாளர் அதே இயன் ஃப்ளின். பழைய இதழ்களின் பாத்திரங்கள் எவரும் இல்லை. 'சோனிக் ஃபோர்சஸ்' விளையாட்டுக்குப் பிந்தைய காலத்தில் கதை நிகழ்கிறது.

இத்தொடரின் முதல் பெருங்கதை நினைவைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. எக்மேன் என்று இப்போது அழைக்கப்படும் பழைய வில்லன், தான் யாரென்பதை மறந்து, ஒரு கிராமத்தில் டிங்கர் என்ற பெயரில் நல்லவனாக வாழ்கிறான். மறந்துபோன குற்றத்துக்குத் தண்டிக்கலாமா? கூடாது என்று சோனிக் விட்டுவிடுகிறான். பின்னர் நினைவு திரும்பிய எக்மேன், தொட்டவரை உலோகமாக்கும் நச்சைப் பரப்புகிறான். 2019-20-இல் வந்த இப்பகுதியில் சோனிக்கின் இரக்கமே பேரழிவுக்குக் காரணம் என்று பிறர் அவனைக் குறைகூறுகிறார்கள்.

சோனிக்கின் உடலிலும் நச்சு ஏறுகிறது. ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும் அது அடங்கும், நின்றால் பரவும். விளையாட்டின் இன்பமாக இருந்த ஓட்டம் இங்கு தண்டனையாகிறது. களைத்துப் போனாலும் நிற்க முடியாமல், நண்பர் ஒருவரையும் தொட்டு ஆறுதல் சொல்ல முடியாமல் ஓடும் சோனிக்கைக் காட்டும் பக்கங்கள், வேகத்தை அசையாத படத்தில் பொருளுள்ளதாக்கும் பழைய சிக்கலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை.

ஆனால் கதை முடியும்போது அனைவரும் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். விளையாட்டிலிருந்து வந்த பாத்திரங்களை நிலையாக மாற்றக் கூடாது என்ற உரிமையாளரின் கட்டுப்பாடு இங்கு வெளிப்படையாகத் தெரிகிறது. அதனால் உண்மையான இழப்பு முழுவதும் இதழுக்கென்றே படைக்கப்பட்ட புதிய பாத்திரங்களின் தோளில் விழுகிறது. தோழர்களைத் துரோகத்தால் இழந்து, பேச்சே குறைந்துபோன விஸ்பர் என்னும் ஓநாயும், அவளை மெல்ல வாழ்க்கைக்குத் திருப்பும் டாங்கிள் என்னும் லெமூரும் இத்தொடரில் மனத்தில் நிற்பவர்கள். தலைப்பில் பெயர் உள்ளவனை விடத் துணைப் பாத்திரங்கள் ஆழமாக இருப்பது தொடரின் வலிமையும் குறையும் ஆகும்.

மதிப்பீடு

கட்டுக்கோப்பில் ஐ.டி.டபிள்யூ. தொடரும், துணிச்சலில் ஃபிளீட்வே இதழும், கற்பனைப் பரப்பில் ஆர்ச்சி தொடரும் முன்நிற்கின்றன. விளையாட்டுத் தழுவல் என்றால் தரம் குறைந்த எழுத்து என்ற பொதுக் கருத்தை இவற்றின் சிறந்த பகுதிகள் மறுக்கின்றன. 2022-இல் வெளிவந்த 'சோனிக் ஃப்ரண்டியர்ஸ்' விளையாட்டின் கதையை எழுத இயன் ஃப்ளின் அழைக்கப்பட்டதும் கவனிக்கத்தக்கது. சித்திரக்கதை கற்றுத் தந்த பாடத்தை விளையாட்டு ஏற்றுக்கொண்டது என்றே இதைக் கொள்ளலாம்.

ஊடகத் தழுவல் பற்றிப் பயிலும் மாணவர்கள் ஐ.டி.டபிள்யூ. தொடரிலிருந்து தொடங்குவது எளிது. அது தொகுப்பு நூல்களாகக் கிடைக்கிறது. ஆர்ச்சி இதழ்களோ உரிமம் முடிந்தபின் அதிகாரபூர்வ மறுபதிப்பில் இல்லை. மாமா சக்கின் கதையைப் படிக்க விரும்புவோர் பழைய இதழ்களைத் தேடித்தான் பெற வேண்டும். கால் நூற்றாண்டுக் காலம் சிறுவர்கள் மாதந்தோறும் வாங்கிப் படித்த ஒரு தொடர் இந்நிலையில் இருப்பது, அதன் இலக்கியத் தரத்தால் நேர்ந்தது அன்று.