அர்ஜுனுக்குக் கிடைத்த ஒரே நியாயமான ஆட்டம்

2010 மார்ச் மாதம் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்த ஒரு போட்டியை எந்தத் தொலைக்காட்சியும் ஒளிபரப்பவில்லை. பார்வையாளர் மாடம் கிடையாது. அதன் முழு மதிப்பெண் பட்டியல் மக்கள் முன் வைக்கப்படவும் இல்லை. ஒரு பக்கம் 14 அர்ஜுன் டாங்கிகள், எதிர்ப்பக்கம் 14 டி-90 டாங்கிகள். ஓட்டம், சுடும் துல்லியம், தாக்குப்பிடிக்கும் திறன் என எல்லாவற்றிலும் இரண்டையும் ஒரே மணலில் இறக்கிப் பார்த்தார்கள். வழக்கமாகக் கிரிக்கெட்டையும் கபடியையும் அலசும் இந்தப் பத்தியில் இதை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. களமிறங்கிய இரண்டு தரப்புக்குமே சொந்த ஊர் ஆவடி.

அர்ஜுனை வடிவமைத்தது ஆவடியில் இருக்கும் சி.வி.ஆர்.டி.இ. என்ற போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம். பூட்டி முடித்து வெளியே அனுப்புவது, ஊர்க்காரர்கள் 'டேங்க் ஃபேக்டரி' என்று சொல்லும் ஹெச்.வி.எஃப். கனரக வாகனத் தொழிற்சாலை. டி-90 ரஷ்ய வடிவமைப்பு. ஆனால் உரிமம் பெற்று அதைக் கட்டுவதும் இதே ஹெச்.வி.எஃப்.தான். 2009 ஆகஸ்டில் ஆவடியில் செய்த முதல் டி-90 டாங்கிகள் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு மூன்று மாதம் முன்பு, மே மாதத்தில், 16 அர்ஜுன்கள் ஒப்படைக்கப்பட்டு முதல் முழு ரெஜிமென்ட் நிறைவடைந்தது. ஒரே வாசல் வழியாக வெளியே வந்த இரண்டும் அடுத்த ஆண்டே பாலைவனத்தில் எதிரும் புதிருமாக நின்றன.

ஆட்டக்காரரின் பின்னணியைப் பார்க்காமல் ஆட்டத்தை அலச முடியாது. அர்ஜுன் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1974-ல். ஒதுக்கிய தொகை 15.50 கோடி ரூபாய். அப்போது ஆவடியில் தயாரானது விஜயந்தா, அதுவும் பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு. நமக்கென்று சொந்தமாக ஒரு டாங்கி வேண்டும் என்ற ஆசை அங்கிருந்து தொடங்கியது. முதலில் நினைத்தது 40 டன் எடை, 105 மி.மீ. பீரங்கி. உலகம் மாற மாற ராணுவம் கேட்டதும் மாறியது. பீரங்கி 120 மி.மீ. ஆனது, எடை 58.5 டன்னைத் தொட்டது. உள்நாட்டில் என்ஜின் செய்யும் முயற்சி கைகூடாததால் ஜெர்மனியின் எம்.டி.யு. என்ஜினும் ரெங்க் கியர்பாக்ஸும் வந்து சேர்ந்தன. 124 டாங்கிகளுக்கு உற்பத்தி ஆணை கிடைத்தபோது 2000-ம் ஆண்டு ஆகிவிட்டது. இந்தத் தாமதத்தில் வடிவமைத்தவர்களுக்கும் பங்குண்டு, கோல்கம்பத்தை நகர்த்திக்கொண்டே இருந்தவர்களுக்கும் பங்குண்டு. ஒரு தரப்பின் தலையில் மட்டும் அதைக் கட்டுவது நேர்மையாகாது.

ஆனால் 2007-08 பருவத்தில் நடந்தது தாமதம் பற்றிய கதை அல்ல.

அதற்குச் சற்று முன்புதான் அர்ஜுனின் சுடும் துல்லியம் ராணுவத்தின் மற்ற டாங்கிகளைவிட மிக மேலானது என்று பாதுகாப்பு அமைச்சகமே நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் சொல்லியிருந்தது. பிறகு வந்தன பாலைவனத்தில் நடந்த குளிர்காலச் சோதனைகள். அவற்றின் முடிவாக நாடாளுமன்றத்துக்குச் சொல்லப்பட்ட பட்டியல் நேர் எதிராக இருந்தது: என்ஜின் தொகுதி பழுது, துல்லியக் குறைவு, சஸ்பென்ஷன் கோளாறு, மேல் உருளைகள் உடைதல், பீரங்கிக் குழலில் சில்லு பெயர்தல். ஒரு மட்டையாளர் ஒரு பருவம் முழுக்க ரன் குவித்துவிட்டு அடுத்த பருவத்தில் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தில் வெளியேறினால் பயிற்சியாளர் முதலில் என்ன கேட்பார்? உடம்புக்கு என்ன ஆயிற்று என்றுதானே?

அந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டவர், அப்போது பாதுகாப்பு உற்பத்தித் துறையின் இணை அமைச்சராக இருந்த ராவ் இந்தர்ஜித் சிங். பல ஆண்டுகளாக நன்றாக ஓடிய ஜெர்மன் என்ஜின்களுக்குத் திடீரென்று என்ன ஆனது, நாசவேலை நடந்திருக்குமா என்பதையும் ஆராய வேண்டும் என்றார் அவர். நாற்காலியில் இருக்கும் அமைச்சர் ஒருவர் தம் அரசின் ஆயுதச் சோதனையைப் பற்றி இப்படிப் பேசுவது சாதாரண விஷயம் இல்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. தன் டாங்கிகளில் விமானக் கறுப்புப் பெட்டி போன்ற பதிவுக் கருவிகளைப் பொருத்தியது. என்ஜினுக்கு எப்போது என்ன நேர்ந்தது, யாராவது கை வைத்தார்களா என்பது இனி பதிவாகும்.

2008 மே மாதத்தில் 'அயன் மேன்' படம் வெளிவந்தது. இரும்புக் கவசம் செய்த டோனி ஸ்டார்க்கை அந்தக் கதையில் கவிழ்க்கப் பார்ப்பவர் அவருடைய நிறுவனத்திலேயே இருக்கும் ஒபடையா ஸ்டேன். இரண்டாம் பாகத்தில் வருபவர் போட்டி ஆயுத வியாபாரி ஜஸ்டின் ஹேமர். அர்ஜுன் விவகாரத்தைக் கவனித்தவர்களுக்கு இந்த இரண்டு பாத்திரங்களும் நினைவுக்கு வந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் சினிமாவில் வில்லனுக்கு முகம் இருக்கிறது. இங்கே எந்த விசாரணையும் ஒரு முகத்தைக் காட்டவில்லை, நாசவேலை நடந்ததாக நிறுவவும் இல்லை. ரெங்க் நிறுவனத்துப் பொறியாளர்கள் வந்து கியர்பாக்ஸைப் பார்த்தார்கள், குறைகள் களையப்பட்டன. அந்த நீண்ட சோதனைத் தொடரில் இரண்டு அர்ஜுன்கள் தலா 8,000 கி.மீ.க்கு மேல் ஓடி, தலா 800 குண்டுகளுக்கு மேல் சுட்டன. சந்தேகத்தை நான் தீர்ப்பாக எழுத மாட்டேன். ஆனால் சந்தேகம் எழும் அளவுக்கு நடுவர்கள் மேல் ஆட்டக்காரருக்கு நம்பிக்கை போயிருந்தது என்பது உறுதி. எந்த விளையாட்டிலும் அதுதான் முதல் தோல்வி.

இந்தப் பின்னணியோடு 2010 மார்ச்சுக்கு வருவோம். காகிதத்தில் இரண்டையும் அருகருகே வைத்தால் அர்ஜுன் கனமான ஆள், டி-90 ஒல்லியான ஆள். 58.5 டன்னும் 46.5 டன்னும். பாலைவனத்தில் ஒல்லியானதே ஓடும் என்று பலரும் நினைத்ததற்கு இதுதான் காரணம். ஆனால் அர்ஜுனின் என்ஜின் 1,400 குதிரைத்திறன், டி-90 என்ஜின் 1,000. டன்னுக்குக் கணக்கிட்டால் அர்ஜுனுக்குச் சுமார் 24, டி-90க்குச் சுமார் 21.5. அகலமான சங்கிலிப் பட்டை எடையை மணலில் பரப்பி விடுவதால் கனத்த வண்டி புதைவதில்லை. அர்ஜுனின் சஸ்பென்ஷன் இரும்பு முறுக்குத் தண்டுகளை நம்பாமல் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து வேலை செய்யும் வகை. மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி குலுங்குவதை அது வாங்கிக்கொள்கிறது. ஓடிக்கொண்டே சுடும்போது குறி தவறாமல் இருப்பதில் பாதி வெற்றி இங்கேதான். துப்பாக்கியாளரின் கண் ஆடாமல் இருந்தால்தான் கை ஆடாது.

டி-90க்கும் தனி பலங்கள் உண்டு. பீரங்கிக் குழல் வழியாகவே ஏவுகணையைச் சுடும் திறன் அதில் முதலிலிருந்தே இருந்தது. குண்டு நிரப்ப இயந்திரம் இருப்பதால் மூன்று பேர் போதும், அர்ஜுனுக்கு நான்கு பேர் வேண்டும். உயரம் குறைவு, எதிரிக்குச் சிறிய இலக்கு. பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்களையும் ரயில் வண்டிகளையும் கணக்கில் எடுத்தால் 12 டன் எடை வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ராணுவம் அர்ஜுனின் எடையைப் பற்றி முறையிட்டபோதெல்லாம் அதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மறுபக்கம், ராஜஸ்தான் வெயிலில் டி-90இன் இரவுப் பார்வைக் கருவிகள் தடுமாறியதும், அவற்றைக் காக்கக் குளிரூட்டி வேண்டும் என்று ராணுவமே தேடியதும் நடந்தன. குளிர்நாட்டில் வளர்ந்த ஆட்டக்காரருக்கு இந்த ஆடுகளம் பழகவில்லை.

முடிவு என்ன ஆனது? போட்டி முடிந்ததும், முன்னாள் ராணுவ அதிகாரியும் பாதுகாப்பு விவகார எழுத்தாளருமான அஜய் சுக்லா 'பிசினஸ் ஸ்டாண்டர்டு' நாளிதழில் எழுதினார். ஓட்டத்திலும் சூட்டிலும் அர்ஜுன் முந்திவிட்டது என்பதே அந்தச் செய்தி. ராணுவமோ, இது யார் ஜெயித்தார் என்று பார்க்கும் போட்டி அல்ல, அர்ஜுனை எங்கே எப்படிப் பயன்படுத்தலாம் என்று அறியும் சோதனை மட்டுமே என்றது. என் கணிப்பில், தோற்ற ஆட்டக்காரருக்குக் கூடுதல் ஒப்பந்தம் யாரும் கொடுப்பதில்லை. 2010 மே மாதமே மேலும் 124 அர்ஜுன்கள் வாங்கும் முடிவு அறிவிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. மேம்படுத்திய அர்ஜுன் வேண்டும் என்று ராணுவம் கேட்ட மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 71 மாற்றங்களுடன் வந்த மார்க்-1ஏ 68 டன் ஆனது. எடை கூடுதல் என்பதே முதல் புகாராக இருந்த வண்டிக்கு, கேட்டவர்களின் பட்டியலே எடையை ஏற்றியது. 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் அதை ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தார். 118 டாங்கிகளுக்கான 7,523 கோடி ரூபாய் ஆணை ஹெச்.வி.எஃப்.புக்குக் கிடைத்தது அதே ஆண்டு செப்டம்பரில். மார்ச் 2010இல் ஜெயித்தவருக்கு ஒப்பந்தக் கையெழுத்து கிடைக்க 11 ஆண்டுகளுக்கு மேல். இதற்கிடையில் 2019 நவம்பரில் மேலும் 464 டி-90களுக்கான ஆணை அதே ஆவடிக்கு வந்தது. 2000, 2021 ஆகிய இரண்டு ஆணைகளிலும் அர்ஜுனுக்குக் கிடைத்த மொத்தம் 242. டி-90 எண்ணிக்கையோ ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பதை அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் திருமுல்லைவாயிலிலும் லேத் பட்டறை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் போதும். 124 வண்டிக்கு மட்டும் ஆணை என்றால், ஒரு பாகத்துக்காக அச்சும் கருவியும் செய்து ஆள் பழக்கிய பட்டறை அடுத்த ஆணைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது, வேறு வேலைக்குப் போய்விடும். பிறகு உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று வண்டிகள் நிறுத்தி வைக்கப்படும். அர்ஜுனுக்கு அப்படித்தான் நடந்தது: உதிரிபாகம் இல்லாமல் பல வண்டிகள் ஓடாமல் கிடந்தன. ஓடாமல் கிடக்கிறது என்பதே அடுத்த ஆணையை மறுக்கக் காரணமாகவும் சொல்லப்பட்டது. அதிகம் ஆட வாய்ப்பு தராமல் உட்கார வைத்துவிட்டு, ஆட்டப் பழக்கம் இல்லை என்று குறை சொல்வது தேர்வுக் குழுக்கள் செய்யும் பழைய அநியாயம்.

ஒரே தவறுக்கு இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறோம் என்று நான் சொல்வதற்கு, முழுக்க முழுக்க விளையாட்டு மைதானத்திலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. ரஷ்யா ஆண்டுதோறும் மாஸ்கோ அருகே அலபினோவில் டாங்க் பயத்லான் நடத்தியது. பனிச்சறுக்குப் பயத்லான் போலவே ஓட்டமும் குறிசுடுதலும் கலந்த பந்தயம். குறி தவறினால் தண்டனைச் சுற்று ஓட வேண்டும். பெரும்பாலான நாடுகள் ரஷ்யா தரும் டி-72ஐ ஓட்டின. 2017இல் இந்தியா தன் டி-90களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனது. ஆரம்பச் சுற்றுகளில் நன்றாகவே ஆடியது. பிறகு முதல் வண்டியின் விசிறி பெல்ட் அறுந்தது. மாற்று வண்டியை இறக்கினார்கள், அதில் என்ஜின் ஆயில் கசிந்தது. இந்தியா போட்டியிலிருந்து வெளியேறியது. அதற்காக டி-90 உதவாத வண்டி என்று யாரும் எழுதவில்லை, ஆணைகள் நிற்கவில்லை. எழுதக் கூடாது, நிற்கவும் கூடாது. இயந்திரம் பழுதாகும், சரிசெய்வார்கள். அதே பெருந்தன்மை 2008இல் அர்ஜுனுக்குக் கிடைக்கவில்லை. டி-90க்கு பெல்ட் அறுந்தால் அது பெல்ட்டின் கோளாறு. அர்ஜுனுக்கு உருளை உடைந்தால் அது அர்ஜுனின் குணம் என்று எழுதப்பட்டது.

வெளிநாட்டுப் போட்டியாளர் செய்யக்கூடியது இன்னொன்றும் உண்டு. அதற்கு யாரும் இரவில் ஒளிந்து வந்து என்ஜினில் கை வைக்க வேண்டியதில்லை. டி-90 ஒப்பந்தம் 2001இல் கையெழுத்தானது. ஆனால் பீரங்கிக் குழல், கோபுரக் கவசம் ஆகியவற்றின் நுட்பம் ரஷ்யத் தரப்பிலிருந்து எதிர்பார்த்தபடி வரவில்லை. ஆவடியில் உற்பத்தி தள்ளிப்போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த இடைவெளியை நிரப்ப, அர்ஜுனுக்காக ஹைதராபாத்தில் உருவான காஞ்சன் கவசத்தின் அனுபவம் கை கொடுத்தது. ஓரங்கட்டப்பட்ட ஆட்டக்காரரிடமிருந்துதான் எதிரணிக்கே கவசம் போனது. சொந்த வடிவமைப்பின் பயன் இதுதான், தயாரித்த வண்டிகளின் எண்ணிக்கையில் மட்டும் அது அடங்காது. 2024 மார்ச்சில் மைசூரு பெமல் ஆலையில் 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு டாங்கி என்ஜின் முதன்முறையாக ஓடிக் காட்டியதற்கும் அர்ஜுன் வழியே வந்த படிப்பினைதான் அடித்தளம்.

அடுத்த ஆட்டம் நெருங்கிவிட்டது. லடாக் மலைகளுக்காக ஆவடி சி.வி.ஆர்.டி.இ.யும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து செய்திருக்கும் 25 டன் ஜொராவர் இலகு டாங்கி, 2024இல் பாலைவனத்திலும், ஆண்டு இறுதியில் லடாக்கின் உயரமான பகுதியிலும் சுட்டுக் காட்டியது. ராணுவத்துக்குத் தேவைப்படும் 354 இலகு டாங்கிகளில் 59 மட்டுமே டி.ஆர்.டி.ஓ. வடிவமைப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மீதி 295க்குத் திறந்த போட்டி.

அந்தப் போட்டியை நடத்தப்போகிறவர்களிடம் இந்தப் பத்தி வைக்கும் கோரிக்கைகள் மூன்று. போட்டியிடும் எல்லா வண்டிகளிலும் முதல் நாளிலிருந்தே பதிவுக் கருவி இருக்கட்டும், 2008 போல சந்தேகம் வந்த பிறகு பொருத்த வேண்டாம். விதிமுறையும் மதிப்பெண் முறையும் போட்டிக்கு முன்பே எழுதி எல்லாத் தரப்புக்கும் கொடுக்கப்படட்டும், நடுவில் மாற வேண்டாம். ராணுவ ரகசியத்தைத் தவிர்த்துவிட்டு, யார் எதில் முந்தினார் என்ற முடிவு நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைக்கப்படட்டும். ஜொராவர் தோற்றால் தோற்கட்டும், ஆவடி அதை ஏற்றுக்கொள்ளும். ஜெயித்தால் கையெழுத்துக்கு இன்னொரு 11 ஆண்டு காத்திருக்க வைக்காதீர்கள்.