கோபாலுக்கு அடுத்து யார்?

"மாமா, போபோய்பாய் எல்லாம் பாத்தாச்சு. அதே மாதிரி வேற என்ன இருக்கு?" பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுங்கைப் பட்டாணி வரும்போதெல்லாம் அக்கா மகன் கேட்பது இதுதான்.

'அதே மாதிரி' என்பதில்தான் விஷயம். 2011இல் டிவி3இல் தொடங்கிய அந்தக் கார்ட்டூன் தொடரில் நம் கோபால் பயந்து நடுங்கும்போதும் கண்ணில் பட்டதையெல்லாம் தின்பண்டமாக்குவான். அடிதடிக்கு நடுவிலும் பசி! சண்டையின் வயிற்றிலேயே சிரிப்பு.

அந்த ருசி கண்டவனுக்கு 2016இல் வந்த எஜென் அலி. தவறுதலாக உளவாளியாகிவிட்ட 12 வயதுப் பையன். கொஞ்சம் வளர்ந்தவன் என்றால் ஜப்பானின் ஒன் பஞ்ச் மேன். சைத்தாமாவுக்கு எதிரியை வீழ்த்த ஒரே குத்து போதும். அவன் கவலையெல்லாம் பேரங்காடியின் மலிவு விற்பனை முடிந்துவிடுமே என்பதுதான்.

டிராகன் பாலை நான் சொல்வதில்லை. ஒரு குத்து விழுவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

என் செல்லம், அதே ஒன் பஞ்ச் மேன் கதாசிரியரின் மாப் சைக்கோ 100. சக்தி எதுவுமில்லாமல் பேயோட்டுகிறேன் என்று கடை விரித்து, உப்பை வாரி இறைக்கிறான் ரெய்கென். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்தவே வேண்டாம்.