ரகசியம் பேசும் கிண்ணங்கள்

சதுரங்கப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் தூரத்துச் சங்கதி இல்லை. 1984-இல் வணிக உற்பத்தி தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அணு உலையைத் தொட்டுப் பார்க்க முடியுமா? அறிவியலைத் தொட்டுப் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து, சென்னை கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குத்தான் போக வேண்டும். 1988-இல் வந்த பிர்லா கோளரங்கமும் அங்கேதான்.

இத்தகைய மையங்களின் அறிவியல் பூங்காக்களில் என் மனம் கவர்ந்தவை, எதிரெதிரே நிற்கும் இரண்டு பெரிய கிண்ணங்கள். ஒன்றின் முன்னால் நின்று அக்கா மகள், "டேய், உன் முறுக்கை நான்தான் தின்னேன்" என்று முணுமுணுத்தாள். எட்டத்தில், மற்றதன் முன் காதை வைத்திருந்த அவள் தம்பி, "அடிப்பாவி!" என்று கத்தினான்.

சாதாரணமாகப் பேச்சு நாலாபுறமும் சிதறும். தூரம் இரு மடங்கானால் அதன் செறிவு கால் பங்காகிவிடும். கிண்ணத்தின் பரவளையமோ, குவியத்தில் எழும் ஒலியை இணைகதிர்களாக எதிரே அனுப்புகிறது. எதிர்க் கிண்ணம் அதைத் திரட்டித் தன் குவியத்தில் சேர்க்கிறது. மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவும் இதே கணக்குதான்.

மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். வெறும் வளைவு! பொத்தானை அமுக்கினால் விளக்கெரியும் மாதிரிகளைவிட இதையே உயர்வாகச் சொல்வேன். பிள்ளைகளைக் காதை ஒரு சாண் நகர்த்தச் சொல்லுங்கள், குரல் மங்கிவிடும். சரியான இடத்தை அவர்களே தேடட்டும்; அவசரப்படுத்தாதீர்கள்.