வேகனுக்குக் காட்டுக்கால்

பழைய சுபாரு அவுட்பேக்கைக் காட்டுப் பாதைக்குத் தயார் செய்கிறவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1990களின் நடுவில் அமெரிக்காவில் அறிமுகமானபோதே அது பாதி வேஷம்தான்: லெகசி என்ற குடும்ப வேகனைச் சற்றே உயர்த்தி, விளம்பரத்துக்கு ‘க்ரோக்கடைல் டண்டீ’ நடிகர் பால் ஹோகனைப் பிடித்தார்கள். அந்த வேஷத்தை நிஜமாக்குவதுதான் இவர்கள் வேலை.

சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் தலைக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பேசர் வைத்தால் வண்டி எழும்பும். கேட்க எளிது. ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் சாய்வு கூடிவிடும், சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை மடிப்போடு மடிப்பு உரசிக் கிழியும். கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் தெறிக்கும். அந்தச் சாய்வைக் குறைக்க, விவரம் தெரிந்தவர்கள் இன்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேமையும் கட்டை கொடுத்து இறக்குவார்கள். பின்சக்கரம் அதன் மேலுள்ள பாடி வளைவின் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார்கள். அந்தக் குனிதல்தான் எனக்கு ரசனை.

கூரை விளக்கும் ஏணியும் படத்துக்கு அழகு. என்னைக் கேட்டால் முதல் செலவு ஆல்-டெரெய்ன் டயருக்கும், இன்ஜினுக்கு அடியில் போடும் உலோகத் தகட்டுக்கும்தான். அமெரிக்காவில் விற்ற அவுட்பேக்குகளில் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது. செங்குத்துப் பாறையில் திணறும். பனியும் சரளைச் சாலையும் என்றால் நாள் முழுக்க ஓட்டலாம், இரவு பின்சீட்டை மடக்கிப் படுக்கலாம்.